நுங்குச் சக்கரம் பூட்டிய எலி

கண்மாய்க் கரைக்குக் கீழே ஒரு நெல்வயல். அதன் வரப்புப் பொந்தில் சேவுகன் என்ற எலியும் அவன் பெண்டாட்டி வீராயியும் குடியிருந்தார்கள். அவர்களிடம் ஒரு குட்டி வண்டி இருந்தது. தென்னங்குரும்பையை ஈர்க்கில் கோத்த சின்னச் சக்கரங்கள். இழுத்ததும் விருட்டென்று கிளம்பும். எந்தச் சந்திலும் திரும்பும். மேடு பள்ளத்தில் மட்டும் ஆளைக் குலுக்கி எடுத்துவிடும்.

வற்றிய கண்மாய்க்குள் ஒரு முள்ளம்பன்றி தினமும் கிழங்கு ஏற்றிப் போகும். அதன் வண்டிக்கு, தின்று போட்ட நுங்குக் கோந்தைதான் சக்கரம். வண்டி தேர் மாதிரி அசையாமல் போகும். சேவுகனுக்கு அதன்மேல் ஒரு கண்.

அறுப்பு முடிந்தது. மறுநாள் உழவு. உழுதால் பொந்து போய்விடும். கண் திறக்காத குட்டிகளை அதற்குள் கரைக்கு மேலே புதுப் பொந்தில் சேர்க்க வேண்டும். கரைச் சரிவில் ஏறி, உச்சியில் கருவேலம் புதருக்குள் வளைந்து போகவேண்டும். சரிவுக்குக் கீழே காட்டுப்பூனை படுத்திருக்கும்.

சேவுகன் பனையடியில் கிடந்த கோந்தைகளை உருட்டி வந்தான்.

முள்ளம்பன்றி சிரித்தது. “எலே, என் பாதை ஒரே நேர். ஒரு தடவை உருட்டிவிட்டால் அதுபாட்டுக்குப் போகும். உனக்கு ஓடணும், நிக்கணும், திரும்பணும். இது எதுக்குடா?”

“அண்ணனுக்குப் பொறாமை!” என்றான் சேவுகன்.

வீராயி சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். “ஏங்க, கல்லா கனக்குதே!”

“அடியே, இது ஒரு சுத்து சுத்தினா குரும்பை மூணு சுத்து சுத்தினதுக்குச் சமம்!”

“அந்த ஒரு சுத்தைச் சுத்துறதுக்குள்ள பூனை வந்துட்டா?”

சேவுகன் காதில் வாங்கவில்லை. குரும்பையைக் கழற்றிவிட்டுக் கோந்தையைப் பூட்டினான்.

உச்சி வெயில். பூனை நல்ல தூக்கம். குட்டிகளை வைக்கோலில் கிடத்தி இழுத்தான். வண்டி நகரவே இல்லை. வீராயி பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். மெல்ல அசைந்தது. பிறகு வரப்பு வெடிப்புகளைத் தாண்டி மெத்தென்று போயிற்று.

“பார்த்தியா! குலுக்கல் உண்டா?”

“இல்லைதான். பேசாம இழுங்க!”

மூச்சு வாங்கச் சரிவில் ஏறினார்கள். உச்சியில் புதர். சேவுகன் வளைத்தான். வண்டி வளையவில்லை. நேரே போய் வேரில் முட்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. கடைக்குட்டி ‘கீச்’சென்று கத்தியது.

கீழே பூனை கண்ணைத் திறந்தது. “அடடே! சாப்பாடு வண்டி கட்டிக்கிட்டு வந்திருக்கே!” சோம்பல் முறித்துவிட்டுச் சரிவில் ஏறியது.

சேவுகன் இழுத்தான். கால் வழுக்கியது. மறுபடி இழுத்தான். வண்டி அப்படியே நின்றது.

“இழுக்காதீங்க! குட்டிகளை எடுங்க!” என்று கத்தினாள் வீராயி.

ஆளுக்கு ஒன்றாய்க் கவ்விக் கவ்வி முள்ளுக்குள் போட்டார்கள். பூனை பாதிச் சரிவுக்கு வந்துவிட்டது.

“இப்ப வண்டியைப் பின்னால விடுங்க!”

வேரிலிருந்து சக்கரத்தை நெம்பினார்கள். வண்டி மெல்லத்தான் உருண்டது. அப்புறம் வேகம் பிடித்தது. அப்புறம் அதை யார் நிறுத்துவது? சரிவுப் பாதைக்கு இரண்டு பக்கமும் முள். பூனைக்கு ஒதுங்க இடமில்லை. வண்டி நெஞ்சில் மோதி, அதையும் உருட்டிக்கொண்டு போய் வயலில் தள்ளியது. பூனை நொண்டிக்கொண்டே ஓடிவிட்டது.

குட்டிகள் புதுப் பொந்தில் பால் குடித்தன. சேவுகன் மீசையைத் தடவினான். “பார்த்தியா, பெரிய சக்கரம்தான் நம்மளைக் காப்பாத்திச்சு!”

“ஆமா. நாம குட்டிகளை இறக்கின பிறகு!”

சேவுகன் குரும்பை பொறுக்கக் கிளம்பினான்.

அடுத்தவன் வண்டியைப் பார்த்துச் சக்கரம் மாட்டாதே. நீ போகிற பாதையைப் பார்த்து மாட்டு.