சிவப்பில் அடித்த வசனங்கள்

சீஷன் குருவைப் பணிந்து கேட்பதுதான் முறை. ஞானாபரணம் அன்று பணியவில்லை. கம்பிக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு, கையில் ஒரு சின்ன அட்டையை ஆட்டியபடி தொற்காள் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தார்.

புது வருஷத்தின் முதல் நாள். காலை ஆராதனை முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“என்ன டீச்சர் இது?”

“வாக்குத்தத்த அட்டை.”

“இதுக்குப் பேரு வாக்குத்தத்தமா?”

டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார். “உக்காருங்க அண்ணாச்சி. கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு பதினஞ்சு நாள்தான் ஆகுது. கத்தக் கூடாது.”

அவர் உட்காரவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முறைத்தார்.

ஞானாபரணத்துக்கு அறுபத்தாறு வயது. நில அளவைத் துறையில் ஆயுசு முழுக்க அளவுச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்று, அளக்க நிலம் இல்லாமல் போனதும் காலத்தை அளக்க ஆரம்பித்தார். தானியேல் கண்ட மிருகங்கள், எழுபது வாரங்கள், ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள் எல்லாவற்றையும் எட்டடித் துணியில் வரைந்து வைத்திருந்தார். எந்தக் கொம்பு எந்த ராஜா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தப் படத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. கடைசி நாளுக்கு முன்னால் எலியா தீர்க்கதரிசி திரும்பி வரும் வருஷம்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொற்காள் டீச்சரின் புதன்கிழமை வேத வகுப்பில் போய் உட்கார்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் தீர்க்கதரிசிகளை ஒரு வரி விடாமல் படிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வயசைப் பார்க்காமல் அவரிடம் படிக்க வந்தாரே, அந்த மட்டில் ஞானாபரணம் பெரிய மனுஷர்தான்.

ஒவ்வொரு புதனும் அவர் கேட்பது ஒரே கேள்வி. “எலியா எப்ப வருவார் டீச்சர்?”

ஒவ்வொரு புதனும் டீச்சர் சொல்வது ஒரே பதில். “அடுத்த அதிகாரத்துக்குப் போவோம்.”

அட்டைக்கு வருவோம். அந்த ஊர்க் கோயிலில் வருஷப் பிறப்பன்று ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவருக்குத் தருகிற வாக்கு. வசனங்களைத் தேர்ந்தெடுத்து எழுதுவது இருபது வருஷமாக ஞானாபரணத்தின் பொறுப்பு. முதலில் ஒரு நோட்டில் வசனத்தை முழுசாக எழுதுவார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக் கசக்கிற பாதியை அடித்துவிட்டு, இனிக்கிற பாதியை மட்டும் அட்டையில் ஏற்றுவார். உன்னைத் தலையாக்குவேன் என்பது இருக்கும். நான் சொன்னபடி நீ நடந்தால் என்பது இருக்காது. தண்ணீர் வற்றாத தோட்டமாய் இருப்பாய் என்பது இருக்கும். பசித்தவனோடு உன் சோற்றைப் பங்கிட்டால் என்பது இருக்காது. நல்ல நாளும் அதுவுமாய் ஆண்டவர் யாரையும் எதுவும் கேட்டுவிடக் கூடாது, பாருங்கள்!

இந்த வருஷம் கண் ஆபரேஷன். நோட்டை டீச்சரிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார்.

“நான் சிவப்புல அடிச்சதை மட்டும் எழுதி வச்சிருக்கீங்க!”

“ஆமா.”

“தெரியாமச் செஞ்சிட்டீங்களா?”

“தெரிஞ்சுதான் செஞ்சேன். அடிச்சதும் வசனம்தானே.”

“கோயில்ல நடந்த கூத்தைப் பாத்தீங்கல்லா? பாட்டுக்குழுத் தலைவருக்கு, பசிச்சவனோட பங்கிட்டால்னு வந்திருக்கு. பங்கிட்டால் என்னன்னு இல்ல. அந்தரத்துல நிக்கு. மனுஷன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்காரு.”

“இருபது வருஷமா மத்தப் பாதி அந்தரத்துல நின்னுச்சு. அப்ப யாரும் திருப்பிப் பாக்கலியே.”

ஞானாபரணத்துக்குக் காது வரை சிவந்தது. “ஊரை விடுங்க. எனக்கு வந்ததைப் பாருங்க” என்று அட்டையை மேசைமேல் அறைந்தார்.

டீச்சர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்து வாசித்தார். அவன் தகப்பன்மாருடைய மனசைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவான். அவ்வளவுதான் இருந்தது.

“எனக்குன்னே எழுதி வச்சிருக்கீங்க.”

“தட்டுல இருநூறு அட்டை கவுந்து கிடந்துச்சு. எடுத்தது உங்க கை.”

ஞானாபரணம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இதே வசனத்தின் மற்றப் பாதி அவர் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. பிள்ளைகளுடைய மனசைத் தகப்பன்மார் பக்கம் திருப்புவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கைப்பட எழுதி மாட்டியது. மகள் எப்சிபா கீழத்தெரு ஜெபசிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போன மறுவாரம்.

ஜெபசிங் வேற்று மதத்தான் இல்லை. அதே கோயில், அதே ஞானப்பாட்டு, ஞானாபரணம் முழங்கால் போடும் அதே படியில் பக்கத்தில் முழங்கால் போட்டவன். ஆனால் கீழத்தெரு. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, திங்கட்கிழமை தெருவைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற ஊர் அது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே குறுக்கே ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவர்கள்கூடக் கலந்துவிடக் கூடாதாம். நெஞ்சு பொறுக்குமா இதைக் கேட்டால்? ஞானாபரணத்துக்குப் பொறுத்தது. அந்தச் சுவருக்கு அளந்து கயிறு கட்டிக் கொடுத்ததே அவர்தான்.

“அந்த வசனம் எங்க இருக்கு அண்ணாச்சி?” என்றார் டீச்சர்.

“மல்கியா. கடைசி அதிகாரம், கடைசி வசனம்.” கோபத்திலும் கணக்கு தப்பவில்லை.

“யாரு திருப்புவான்னு இருக்கு?”

“எலியா.”

“முதல்ல யார் மனசைத் திருப்புவார்?”

அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“தகப்பன்மார் மனசை. பிள்ளைங்க ரெண்டாவதுதான். முதல்ல உள்ளதை அடிச்சிட்டு ரெண்டாவதைச் சட்டம் போட்டு மாட்டிட்டீங்க.”

“என் முகத்துல கரியைப் பூசிட்டுப் போனவ டீச்சர் அவ! வந்து கால்ல விழட்டும். அப்புறம் பாப்போம்.”

அதுவரை நிதானமாக இருந்த டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அரிசிப் பானையை நங்கென்று வைத்தார்.

“எந்தக் கரி? அந்தப் பையனும் நீங்களும் ஒரே கிண்ணத்துல வாய் வச்சு இராப்போஜனம் எடுத்தவங்க. அப்ப ஒட்டாத கரி, மகளைக் கட்டினதும் எங்கேர்ந்து வந்து ஒட்டுச்சு? எத்தனை கொம்பு, எத்தனை தலைன்னு எண்ணத் தெரியுது. மூணு வருஷத்துல மக முகத்தை எத்தனை தடவை பாத்தீங்க? சொல்லுங்க.”

சொல்ல வேண்டிய எண் ஞானாபரணத்துக்குத் தெரியும். பூஜ்யம். ஏசாயா புத்தகத்தைப் பிரித்து, தேடித் தேடி அவரே வைத்த பேர் எப்சிபா; என் பிரியம் அவள்மேல் என்று அர்த்தம். பிறந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி நடந்தவர்தான் இவர்.

“இன்னைக்கு அவ பிள்ளைக்கு ஞானஸ்நானம். உங்களுக்கும் கடிதாசி வந்திருக்குமே.”

“வந்துச்சு. பிரிக்காமத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“எனக்கும் வந்துச்சு. நான் பிரிச்சேன்.”

டீச்சர் வேதாகமத்துக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஞானாபரணம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மகளின் எழுத்து. சாயங்காலம் நாலு மணி ஆராதனை என்று இருந்தது. அவள் இருக்கிற டவுனுக்குப் பஸ்சில் ஒரு மணி நேரம். ரெண்டு பத்து பஸ்சை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். குழந்தையின் பேர் என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை.

“பேரு எழுத மறந்துட்டாளா?” குரல் இறங்கியிருந்தது.

“மறக்கலை. அப்பா வந்து சொல்லுவாங்கன்னு விட்டு வச்சிருக்கா. பாதிரி ஐயர் தண்ணியைக் கையில எடுத்துப் பேரைக் கேக்குற வரைக்கும் வாசலைப் பாத்துட்டு நிப்பா.”

ஞானாபரணம் அந்தக் காலி இடத்தை விரலால் தடவினார். ஆனால் எட்டடித் துணியில் காலத்தையே அளந்தவர் லேசில் விடுவாரா? மனசு போக்கிடம் தேடி அங்குமிங்கும் ஓடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தது.

“டீச்சர், எலியா வந்துதானே திருப்பணும்? அவர் வராம நானாத் திரும்பினா அது எப்படித் தீர்க்கதரிசனம் நிறைவேறினதாகும்? அவர் எப்ப வருவார்னே இன்னும் தெரியலையே.”

இரண்டு வருஷமாகச் சொல்லாத பதிலை டீச்சர் அன்று சொன்னார். அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“எப்ப வந்தாலும் உங்களை ரெண்டு பத்து பஸ்சுலதான் ஏத்தி விடுவாரு, அண்ணாச்சி.”