சட்னிக்குப் போட்ட மானநஷ்ட வழக்கு

ஞாயித்துக்கிழமை காலையில பரமகுரு சலூன்ல நிக்கக்கூட இடம் இருக்காது. அன்னைக்கும் அப்படித்தான். பெஞ்சு நிறைய ஆளு. நான் ஓரத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல எலக்ட்ரீசியன் மாசிலாமணி. அப்பதான் கோமதிநாயகம் அண்ணாச்சி உள்ள வந்தாரு, வந்ததும் வரிசையெல்லாம் பாக்காம நேரா போயி நாக்காலியில உக்காந்துட்டாரு.

"பரமகுரு, நல்லா வழவழன்னு எடும்வே. ஜெயிச்ச முகம், பளபளன்னு இருக்கணும்."

அண்ணாச்சி யாருன்னு சொல்லிருதேன். எங்க தெருமுனையில கோமதி பவன் அவரு கடைதான். அந்த சலூன்ல இருந்த அத்தனை பேரும் ஒரு காலத்துல காலையில அங்கதான் தோசை சாப்பிடுவோம். இப்ப ஒருத்தரும் போறதில்ல. "எங்கவே சாப்பிட்ட?"ன்னு கேட்டு, "கோமதி பவன்ல"ன்னு சொன்னா, கேட்டவன் சிரிக்கான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துக்கிட்டே எல்லாரும் எதுத்த கடைக்கு மாறிட்டோம். அண்ணாச்சி முந்தின நாள்தான் சேவிங் பண்ணியிருந்தாரு. அவரு வந்தது எங்களைப் பாக்கத்தான்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனா அதை வாயைத் திறந்து சொல்லிட்டா அவரு கோமதிநாயகம் இல்லையே!

"எதுல ஜெயிச்சீக அண்ணாச்சி?"ன்னு மாசிலாமணி ஆரம்பிச்சு வச்சான்.

"என்னவே இப்படிக் கேக்கீரு? மானநஷ்ட வழக்குலதான்! ஜோயல்னு ஒரு மெடிக்கல் ரெப்பு. என் கடையில தின்னுட்டுப் போயி நெட்டுல எழுதிட்டான். 'தோசை அருமை. சட்னிதான் தட்டை விட்டு ஓடுது.' எப்படி இருக்கும் எனக்கு? என் மக போன்ல காட்டுதா. எனக்கு வந்த கோவத்துல போன் சூடாகி, அவ கையை உதறிட்டா."

"அதை அவன் பொண்டாட்டியைத் தவிர யாரு படிச்சிருப்பா? விட்டுருக்கலாமே"ன்னான் மாசிலாமணி.

"விடுததா! வக்கீலைக் கூப்பிட்டு நோட்டீஸ் எழுதச் சொன்னேன். எழுத எழுத பேனா முனை பழுத்துப் போச்சு. தபால்பெட்டியில போட்டா பொட்டிக்குள்ள இருந்து புகை வருது. தபால்காரரு இடுக்கி வச்சுத்தான் வெளிய எடுத்தாரு. ஜோயல் வீட்டுல அதைப் பிரிச்சதும் அடுப்பில்லாமலே காப்பி கொதிச்சிருக்கு."

பரமகுரு முகத்துல நுரையைத் தடவிட்டு, கத்தியைக் கையில வச்சுக்கிட்டு, அவரு வாய் மூடட்டும்னு காத்துக்கிட்டு நின்னாரு.

"வக்கீலு சொன்னாரு, 'அண்ணாச்சி, ஊரே படிச்சாத்தான் மானம் போனதா அர்த்தம், படிச்சவனைச் சாட்சி கொண்டாங்க'ன்னு. தேடுனேன், படிச்சவன் ஒருத்தனும் கிடைக்கல. விடுவனா? போஸ்டர் அடிச்சேன்! 'எங்கள் கடைச் சட்னி ஓடுகிறது என்பது அப்பட்டமான பொய்! நம்பாதீர்!' பாளையங்கோட்டையில இருந்து தாழையூத்து வரைக்கும் ஒரு சுவரு பாக்கியில்ல. சுவர் இல்லாத வீட்டுக்காரன், 'என் முதுகுல ஒண்ணு ஒட்டுங்க'ன்னு வந்து நிக்கான். படுத்திருந்த எருமையை நம்ம ஆளு சுவருன்னு நினைச்சு ஒட்டிட்டான். அது ஆத்துல இறங்கி அக்கரைக்குப் போச்சு பாரும், அந்த ஊரும் மொத்தமா படிச்சிருச்சு!"

பெஞ்சுல சிரிப்பு. மாசிலாமணி மட்டும் முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டான். "அந்த எருமை போற வரைக்கும் அக்கரைக்காரங்களுக்குச் சட்னி விசயம் தெரியாது, இல்லையா?"

"தெரியவே தெரியாது!"ன்னாரு அண்ணாச்சி, ரொம்பப் பெருமையா. "நான்லா தெரிய வச்சேன்! அதோட நிறுத்தல. ஆட்டோவுல மைக்கு கட்டினேன். 'பெரியோர்களே, தாய்மார்களே! கோமதி பவன் சட்னி ஓடவில்லை! ஓடவில்லை! ஓடவே இல்லை!' அந்த மைக்கு சத்தத்துல தென்னை மரத்துல தேங்கா எல்லாம் தானா விழுந்து, துருவிக்கிட்டே ஓடுது. கடல் தாண்டிப் போயிருக்கு சத்தம். கொழும்புல இருந்து ஒருத்தரு போன் பண்ணுதாரு, 'அண்ணாச்சி, சட்னி ஓடுதாமே?'ன்னு."

"அட, நீங்க ஓடலைன்னுதான சொன்னீங்க?"ன்னு மாசிலாமணி கேட்டான்.

"காத்துல வரும்போது 'இல்லை' மட்டும் கடல்ல விழுந்திருச்சு போல. அதை விடும். இப்ப உலகத்துல எந்த மூலையிலயும், எவன் போனை எடுத்து 'ச'ன்னு தட்டினாலும் என் கடைதான் வந்து நிக்கும். முன்னால என் கடைப் பேரை முழுசா எழுதினாக்கூட ஒரு டயர் கடைதான்வே வரும்! ரேடியோவுல வானிலை அறிக்கை வாசிக்கவன் தடுமாறிட்டான். 'தென்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான சட்னி பெய்யக்கூடும்'னு வாசிச்சிட்டான். பம்பாய் போற விமானம் ஒண்ணு நம்ம கடை மேல வட்டம் போடுது. பைலட்டு தலையை வெளிய நீட்டி, 'எங்கவே ஓடுது? காட்டும்வே!'ங்கான்."

"பைலட்டும் நம்ம ஊர்க்காரனா?"ன்னு நான் கேட்டுட்டேன். என்னால அடக்க முடியல.

"பேச்சைப் பாத்தா வண்ணாரப்பேட்டை மாதிரி இருந்துச்சு. குறுக்க பேசாதீரும், கோர்ட்டு வருது." அண்ணாச்சி நாக்காலியில நிமிந்து உக்காந்தாரு. நுரை காய ஆரம்பிச்சிருச்சு. "ஜட்ஜ் ஐயா சொல்லிட்டாரு, 'சட்னியைக் கொண்டு வாங்க, கண்ணால பாத்துருவோம்.' நானும் நம்ம மாஸ்டர் சொரிமுத்துவும் வாளியில கொண்டு போனோம். கெட்டின்னா அப்படி ஒரு கெட்டி! கடப்பாரை வச்சுத்தான் மூடியைத் திறந்தோம். ஐயா கரண்டியை விட்டாரு, நட்டுக்கிட்டு நின்னிருச்சு. டவாலி இழுக்காரு, வரல. ரெண்டு கட்சி வக்கீலும் சேந்து இழுக்காங்க, வரல. வாசல்ல நின்ன போலீஸ் அத்தனையும் வடம் கட்டித் தேர் இழுக்க மாதிரி இழுக்கு. கரண்டி வரலவே, கோர்ட்டுக் கட்டடம்தான் ஒரு பக்கமா சாஞ்சுது! ஐயா எந்திரிச்சு நின்னு, 'கோமதிநாயகம், இது சட்னி இல்லய்யா, சிமெண்டு'ன்னுட்டாரு. என் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அண்ணாச்சி"ன்னான் மாசிலாமணி. "அன்னைக்கு அந்தக் கோர்ட்டு ஹால்ல ஏணியில நின்னு ஃபேன் மாட்டிக்கிட்டு இருந்தது யாரு தெரியுமா?"

"யாரு?"

"நான்தான்."

அண்ணாச்சி ஒருவழியா வாயை மூடினாரு. பரமகுருவுக்கு அதுதான் சமயம்னு தோணி, கத்தியைப் போட ஆரம்பிச்சாரு.

மாசிலாமணி எங்க பக்கம் திரும்பினான். "வாளி உள்ள வரும்போது சட்னி கெட்டியாத்தான் இருந்துச்சு. அதுல அண்ணாச்சி பொய் சொல்லல. ஆனா இவரு ஒட்டின போஸ்டரைப் பாத்துட்டு ஊரே கோர்ட்டுக்கு வந்திருச்சு. வராண்டாவுல கூட்டம், ஜன்னல்ல கூட்டம். சொரிமுத்து ஒரு தடவை நிமிந்து பாத்தாரு. அவருக்குக் கோர்ட்டு, கடை எல்லாம் ஒண்ணுதான். கூட்டம் வந்துட்டா கை தானா தண்ணிச் சொம்புக்குப் போயிரும். ஜட்ஜ் ஐயா குடிக்க வச்சிருந்த தண்ணியை எடுத்தாரு, அப்படியே வாளியில ஊத்தி ஒரு கலக்கு. நான் ஏணியில இருந்து 'மாஸ்டர், மாஸ்டர்'ன்னு கத்துதேன். அவரு என்னைப் பாத்து, 'இருங்க தம்பி, எல்லாருக்கும் வரும்'ங்காரு."

ஒருத்தன் பெஞ்சுல இருந்து சரிஞ்சே விழுந்துட்டான்.

"தட்டுல ஊத்தினதும் தட்டைத் தாண்டி, மேசையைத் தாண்டி ஓடுது. அந்த ஜோயல் பாவம், எந்திரிச்சு கையைக் கட்டிக்கிட்டு, 'ஐயா, நான் கொஞ்சமாத்தான் எழுதினேன்'ன்னான். உள்ளதைச் சொன்னா அதுல என்னய்யா மானநஷ்டம்னு கேஸைத் தள்ளிட்டாங்க. போயிட்டு வான்னு சொன்ன பெறகும் அண்ணாச்சி அங்கனயே நின்னாரு. நான்தான் இறங்கி வந்து கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனேன்."

அண்ணாச்சி கண்ணாடியில எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாரு. நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

அவரு தொண்டையைச் செருமினாரு. "தள்ளுபடின்னா தோல்வியாவே? ஓடுன சட்னி எங்க போச்சுன்னு இவன் சொன்னானா? மேசையில இருந்து இறங்கி நேரா ரெக்கார்டு ரூமுக்குள்ள போயிருச்சு. அங்க தாத்தா காலத்துல இருந்து கிடந்த பாகப்பிரிவினைக் கேஸ் கட்டு எல்லாம் நனைஞ்சு, எழுத்து அழிஞ்சு போச்சு. எந்த வயக்காடு யாருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அண்ணனும் தம்பியும் வராண்டாவுல கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, ராஜியாகி ஊருக்குப் போயிட்டாங்க. ஜில்லாவுல இப்ப சொத்து வழக்கே கிடையாது. வக்கீலுங்க எல்லாம் என் கடையில சப்ளையர் வேலை கேட்டு நிக்காங்க!"

இந்தத் தடவை பரமகுருவே கத்தியை மேல தூக்கிக்கிட்டு சிரிச்சிட்டாரு. மாசிலாமணி கண்ணைத் தொடச்சுக்கிட்டான்.

அண்ணாச்சி சிரிக்கல. சத்தம் அடங்கினதும் மெதுவாக் கேட்டாரு, "வக்கீலுங்க வாராங்க. நீங்க ஏன்வே வரமாட்டேங்கீங்க? காலையில தோசைக்கல்லு சூடாகி நிக்கு. திங்க ஆளில்ல. நானும் சொரிமுத்துவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அது புளுகு இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பேசுதீங்க?"ன்னு முதல்ல எந்திரிச்சது மாசிலாமணிதான். "எவன் சிரிச்சா நமக்கென்ன? இன்னைக்கு எல்லாரும் உங்க கடைக்குத்தான் வாரோம். பரமகுரு, கடையைச் செத்த நேரம் சாத்தும்வே."

"அந்தக் கெட்டிச் சட்னி இருந்தா நானும் வாரேன்"னாரு பரமகுரு.

"கெட்டியா? கட்டியா வெட்டித் தட்டுல வைக்கச் சொல்லுதேன் பாரும்!" அண்ணாச்சி முகம் அப்படியே மலர்ந்துருச்சு. பாதிக் கன்னத்துல இன்னும் நுரை. அதனால போனை என்கிட்ட குடுத்து ஸ்பீக்கர்ல போடச் சொன்னாரு. மறுபக்கம் சொரிமுத்து எடுத்தாரு.

"ஏல சொரிமுத்து! கல்லை ஏத்து! பழைய ஆளுங்க எல்லாரும் வாராங்கடே! சலூனே காலியாகி வருது, பெரிய கூட்டம்!"

போன்ல தண்ணி விழுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"ஊத்திட்டேன் அண்ணாச்சி, வரச் சொல்லுங்க"ன்னாரு சொரிமுத்து.