செவ்வாய்க்கிழமைக் குறிப்புகள்

ரெஜினா இருபது வருடம் மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். ஐம்பது வயதில் உளவியல் ஆய்வுக்குச் சேர்ந்தாள். அவளுடைய வழிகாட்டி, அதே மருத்துவமனையின் டாக்டர் அமுதவல்லி, அவளைவிடப் பத்து வயது இளையவர்.

ஆய்வு அங்கே வார்டில் இருந்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. பெயர் பொன்னுத்தாய். ஓயாமல் கை கழுவும் நோய். செவ்வாய்தோறும் ரெஜினா எதிரே உட்கார்ந்து, பொன்னுத்தாய் கை கழுவ எத்தனை தடவை எழுந்து போகிறாள் என்று நோட்டில் எழுதினாள்.

வரும் ஞாயிறு பொன்னுத்தாயின் மகளுக்கு வளைகாப்பு. வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி வந்தது. குறைந்துவிட்டது என்றார்கள் வார்டு நர்ஸுகள். குறையவில்லை என்றது ரெஜினாவின் நோட்டு. நோட்டில் எண்ணிக்கை இருந்ததால் எல்லோரும் நோட்டையே நம்பினார்கள்.

வியாழன் காலை ரெஜினா டாக்டரின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தூக்கமே வரல மேடம். ஒரே ஒருத்தரைப் பார்த்து எழுதினது செல்லுமா? பத்துப் பேரைப் பார்த்திருக்கணுமோ?"

"நோட்டை இங்க வச்சுட்டு, போய் அவங்களோட கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க சிஸ்டர்."

"இன்னைக்கா? இன்னைக்கு வியாழன்."

"போங்க."

பொன்னுத்தாய் சமையற்கட்டு வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பொன்னுத்தாய் எழுந்திருக்கவே இல்லை.

"கை கழுவலையாம்மா?"

பொன்னுத்தாய் பதறிப் போனாள். "ஆத்தி, இன்னைக்குச் செவ்வாயா?"

"வியாழன்."

"அதான பாத்தேன். நோட்டையும் காணோம்."

"அப்போ செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன்?"

"மொதல்ல நெசமாத்தான் கழுவுனேன். மூணு மாசமா ஒங்களுக்காகத்தான். வேகாத வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வர்றீக. நான் சும்மா ஒக்காந்திருந்தா எதைத்தான் எழுதுவீக? ஒரு நா கழுவாம இருந்து பாத்தேன். ஒங்க மூஞ்சி செத்துப் போச்சு." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "அது கெடக்கட்டும். மக வளைகாப்புக்கு என்னைய விட்ருவாகளா?"

ரெஜினா எழுந்தாள். படிகளில் ஏறக்குறைய ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, டாக்டர் வார்டுக்குப் போனார். பொன்னுத்தாயிடம் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, வீட்டுக்கு அனுப்பும் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ரெஜினா இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். "மூணு மாசத்துக்கு முன்னாடியே போயிருக்க வேண்டியவங்க. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். பத்துப் பேரைப் பார்த்திருந்தா இது நடந்திருக்காதே மேடம்?"

"பத்துப் பேரும் கழுவியிருப்பாங்க."

"அப்போ தப்பு எங்கேதான்?"

"அந்த அறையில ரெண்டு பேர் இருந்தீங்க சிஸ்டர். நீங்க ஒருத்தரைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க."