வெளுத்த ஜாடி

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரத்தில் நுண்பாசி வளர்க்கும் கூடம் ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியைத் தின்றுதான் சிப்பிக்குஞ்சும் கூனி இறாலும் வளரும். அவற்றை நம்பித்தான் மீன்.

கூடத்தின் ஆசிரியை ஜெபசீலி. அவளிடம் வேலை கற்க வந்தவர் லூர்தையன், முன்பு சங்கு குளித்தவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலை, பாசி வெளுத்துப்போன கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“செத்துப்போச்சு டீச்சர். கொட்டிரட்டுமா?”

காற்றில் கூடும் கரியமில வாயுவால் புளிப்பேறப்போகும் வருங்காலத்துக் கடல்நீரில் பாசி எப்படி வளரும் என்று பார்க்க, அதே வாயுவை விட்டுத் தண்ணீரைப் புளிப்பாக்கச் சொன்னது அவள்தான்.

“வாயுவை எப்படி விட்டீங்க, அண்ணாச்சி?”

“ஒரே காலையில, முழுசா.”

“வெளுத்ததும்?”

“பாவமா இருந்துச்சு. உரத்தை ரெண்டு மடங்கு போட்டேன்.”

“காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு பிரியாணி.”

அவர் சிரிக்கவில்லை.

“என் மகன் சௌதி வேலையை விட்டுட்டு கடலுக்கே வந்துரவாங்கிறான். இனிமே கடலுக்கு இதுதான் கதின்னா, எந்த வாயால அவனைக் கூப்பிடுவேன்?”

“எல்லாமே செத்திருக்காது,” என்றாள் ஜெபசீலி. வெளுத்த தண்ணீரில் ஒரு கரண்டி மொண்டு, புதுக் கடல்நீர் இருந்த இன்னொரு ஜாடியில் ஊற்றினாள். உரம் ஒரு சிட்டிகை. வாயுக் குழாயைத் திறந்து, பத்துக் குமிழி எண்ணி மூடினாள்.

“தினமும் பத்து கூட்டிக்கிட்டே போங்க. அதுக்கு மேல வேண்டாம்.”

அன்றிலிருந்து குமிழிக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி எண்ணினார் லூர்தையன்.

ஐந்தாம் நாள், “வெறும் தண்ணியைத்தான் வளர்க்கிறோம் போல,” என்றார்.

“சரி, அதையே வளருங்க,” என்றாள்.

இருபத்தோராம் நாள் ஜாடி இளம்பச்சையாக இருந்தது. ஜெபசீலி புளிப்பை அளந்து காட்டினாள். வெளுத்த ஜாடியில் இருந்த அதே அளவு.

லூர்தையன் கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“அப்ப கடல் பிழைச்சுக்கும். மகனை வரச் சொல்லிரலாம்ல, டீச்சர்?”

“சொல்லுங்க அண்ணாச்சி. இந்த ஜாடியையும் படம் எடுத்து அனுப்புங்க,” என்றாள். “ஒரே காலையில இல்ல, எத்தனை நாள் ஆச்சுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க.”