ஆறு மாதம் கழித்து வரவும்

டாக்டர் வைரவநாதன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் எல்லோரும் அவர்மேல் பாய்ந்துவிடுவீர்கள்.

ஐம்பத்தொரு வயதில், கரையோர ஊர் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். அங்கே ஈரல் வார்டுக்கு மெஹருன்னிஸா மேடம்தான் தலைமை. இவரைவிட ஒன்பது வயது சின்னவர். தெரியாததைக் கேட்டுக்கொள்வதில் என்ன வெட்கம் என்று, வைரவநாதன் நோட்டும் கையுமாக அந்த அம்மாள் பின்னாலேயே நடந்தார்.

மேடம் பத்து நாள் டெல்லிக்குப் போகவேண்டி வந்தது. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

“ஊசி போதைப் பழக்கம் உள்ளவங்க யாராவது அட்மிட் ஆனா, ரத்தத்துல ஈரலைக் கெடுக்கிற சி வைரஸ் இருக்கான்னு பாருங்க. இருந்தா வார்டுலயே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க. மூணு மாசம், தினம் ஒண்ணு.”

“சரி மேடம்.”

அன்றைக்கே வந்து சேர்ந்தான் அமல்தாஸ். துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். ஊசி குத்திக் குத்தித் தொடையில் சீழ் கட்டியிருந்தது. ரத்தத்தில் சி வைரஸ். ஈரல் நன்றாகவே இறுகிப்போயிருந்தது. மாத்திரை டப்பாக்கள் வார்டு அலமாரியில்தான் இருந்தன.

வைரவநாதன் கொடுக்கவில்லை. ஓட்டைப் பானையில் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு. இன்று குணமாக்கினால் நாளை எவனோ குத்திய ஊசியைக் குத்திக்கொண்டு அதே வைரஸோடு வந்து நிற்பான்.

“முதல்ல ஊசியை விடு. முழுசா ஆறு மாசம். அப்புறம் வா, மாத்திரை தர்றேன்” என்றார்.

“இங்க இருக்கும்போதே குடுத்திடுங்க சார். வெளிய போனா நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது.”

“மனசு வச்சா முடியும்.”

“மனசு வச்சுதான் சார் கேக்கறேன்.”

சும்மா சொல்லக் கூடாது, நல்ல பதில்தான். டாக்டருக்கு அது காதில் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் புண் ஆறியது. சீட்டில் ‘ஆறு மாதம் கழித்து வரவும்’ என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மறுநாள் மேடம் திரும்பி வந்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“மறுபடி தொத்திக்காதா மேடம்? நான் செஞ்சது தப்பா?”

மேடம் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. துறைமுகத்துக்கு ஆள் அனுப்பினார். ஆள் அகப்படவில்லை.

வியாழக்கிழமை ஈரல் நோய்க்கு வெளிநோயாளிகள் வரும் நாள். வாசலில் நிற்கும் ஊழியர் ஒவ்வொரு பெயராக மூன்று தடவை கூப்பிடுவார். பதில் வராவிட்டால் சீட்டு அடியில் போய்விடும். அந்த வியாழக்கிழமை மேடம் வைரவநாதனை வாசலுக்கு அழைத்துப் போனார்.

“அமல்தாஸ் பேரை நீங்க கூப்பிடுங்க சார். மூணு தடவை.”

“அவன் இன்னைக்கு வரமாட்டானே மேடம். ஆறு மாசம் சொல்லியிருக்கேன்.”

“கூப்பிடுங்க. ஒவ்வொரு வியாழனும்.”

கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரிய டாக்டருக்கு இதென்ன வேண்டுதலோ என்று யாரோ சிரித்தார்கள். முதல் மாதம் அவருக்கு அவமானமாக இருந்தது. இரண்டாம் மாதம் எரிச்சல் வந்தது. அதற்கப்புறம் கூப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பதினேழாவது வியாழக்கிழமை, இரண்டாம் தடவை கூப்பிடும்போது ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

“அமல்தாஸ் என் தம்பி சார். நான் ஜெசிந்தா. போனவன் பேரை இப்படிக் கூப்பிடாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

வைரவநாதன் மூன்றாம் தடவை கூப்பிடவில்லை.

“எப்போம்மா?”

“ரெண்டு வாரம் ஆச்சு. ரத்த ரத்தமா வாந்தி எடுத்தான். இங்க தூக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

“நாங்க தேடினோமே. இங்க பேரைக் கூப்பிடறது அவருக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். எங்க தெருவுல இருந்து வர்றவங்க வாரா வாரம் வந்து சொல்லுவாங்க. போடா, டாக்டரே கூப்பிடுறாராம்னு நானும் சொன்னேன். இன்னும் ஆறு மாசம் ஆகலக்கான்னுட்டான்.”

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபது நாள் விட்டிருப்பான் சார். ஒருநாள் உடம்பு உதறும், தாங்கமுடியாமப் போய்ப் போட்டுக்குவான். அன்னைக்கு அழுவான். மறுநாள் காலண்டர்ல மறுபடி முதல்ல இருந்து கோடு போடுவான். அப்படி நாலு தடவை ஆச்சு. ஆறு மாசம் நிறையாம உங்க மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு இருந்தான்.”

கும்பிட்டுவிட்டு அவள் போய்விட்டாள். டாக்டர்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

உள்ளே வந்தார். மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். வாசலில் பேசியதெல்லாம் அவருக்கும் கேட்டிருந்தது.

வைரவநாதன் கேட்டார்.

“இவ்வளவு பாடுபடுவார்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?”

“தெரிய வேண்டியதில்ல சார்” என்றார் மேடம். “ஒன்பது நாள் நம்ம கட்டில்ல படுத்திருந்தாரே. அது தெரிஞ்சா போதும்.”