நாற்பத்தொன்றாம் பக்கம்

தென்கடலில் ஒரு சிறு நாடு. ஒரு வருடம் அந்த நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு முழுவதும் தீர்ந்துபோனது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பிப் போயின. அடுப்புக்கு எரிவாயு இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வெளிநாடு போன நிதியமைச்சர் திரும்பி வரவே இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார யாரும் முன்வராத நாளில்தான் மருதவாணரைக் கூப்பிட்டார்கள். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்லுமுன் அவர் தையல்நாயகி அம்மையைப் பார்க்கப் போனார்.

அம்மை முன்பு மருத்துவச்சி, பிறகு துறவி. துறைமுகக் குடியிருப்பில், தாய்சேய் நிலையத்தை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். மருதவாணரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் மருதவாணருக்கு அவர்தான் குரு.

"போகட்டுமா, அம்மா?"

"பயமாக இருக்கிறதா?"

"ரொம்ப."

"அப்படியென்றால் போங்கள். பயமில்லாதவரை வைத்துப் பார்த்தாயிற்று."

மருதவாணர் போனார். கடன் கொடுக்கக்கூடிய நாடுகளின் வாசல்களில் இரண்டு வருடம் காத்துக் கிடந்தார். கப்பல்கள் மறுபடி வந்தன. கடைகளில் அரிசி மூட்டைகள் தெரிந்தன. மூன்றாம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வந்தபோது, நாடு மெல்ல மூச்சு விடத் தொடங்கியிருந்தது.

முதல் நாள் விவாதத்தில் எதிர்க்கட்சியினர் சாலைகளைப் பற்றிச் சத்தம் போட்டார்கள். அமைச்சர்களின் கார்களைப் பற்றி இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. மருதவாணருக்கு அதில் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை, சபைக்குப் போகும் வழியில் அம்மையிடம் போனார்.

"அம்மா, பலர் எழுந்திருப்பதற்காகச் சிலர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது தர்மம்தானே?"

"எங்கே எழுதியிருக்கிறது?"

"நாற்பத்தொன்றாம் பக்கத்தில்."

"கையில் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"வாருங்கள்."

அம்மை அவரை நிலையத்தின் முற்றத்துக்கு அழைத்துப் போனார். அன்று பால்மாவு கொடுக்கும் நாள். முப்பது நாற்பது பெண்கள் இடுப்பில் குழந்தையும் கையில் வெறும் டப்பாவுமாக வரிசையில் நின்றார்கள்.

"இவர் நம்முடைய நிதியமைச்சர்," என்றார் அம்மை. "உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். படித்துக் காட்டுவார்."

மருதவாணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மீட்சிக் காலத்தின் நிதி ஒழுங்கைக் கருத்தில்கொண்டு, தாய்சேய் நலத் துணைச் செலவினங்கள் ஓராண்டுக்கு மறுசீரமைக்கப்படும்."

நல்ல சேதி என்று நினைத்து ஒருத்தி சிரித்தாள்.

முன்னால் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தோணியம்மாள் என்று பெயர். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்.

"அப்படின்னா என்னங்க ஐயா?"

"செலவுகளைச் சீர்செய்கிறோம்."

"சீர்செய்யிறது நல்லதுதான். அப்படின்னா?"

"முன்னுரிமைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம்."

"யாருக்கு முன்னுரிமை? எங்களுக்கா?"

"இல்லை... சில உதவிகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும்."

"எந்த உதவி?"

மருதவாணர் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை ஒரு குழந்தையின் தொப்பிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஐயா, எனக்குப் படிப்பு கிடையாது. புரியிற மாதிரிச் சொல்லுங்க."

"அடுத்த மாதத்திலிருந்து உன் பிள்ளைக்குப் பால்மாவு கிடையாது, அம்மா."

சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

"எதுக்கு நிறுத்துறீங்க?"

"அடுத்த வருடம் கட்ட வேண்டிய ஒரு கடன் தவணையை இந்த வருடமே கட்டப்போகிறோம்."

"இப்பவே கட்டுன்னு கேட்டாங்களா?"

"கேட்கவில்லை. எதிர்பார்க்கிறார்கள். கட்டினால் நம்மேல் ஒரு மரியாதை வரும்."

அந்தோணியம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அழவில்லை.

"அந்த வருசம் என் மூத்ததைப் பறிகொடுத்தேன். நாட்டுலயே ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப இருக்கு. இருந்தும் எனக்கு இல்லைன்னா, இதோ என்கிட்ட சொன்னீங்களே, அதே மாதிரி அங்கேயும் சொல்லுங்க. காதால கேட்டுட்டு அப்புறம் கை தூக்கட்டும்."

வாசல்வரை அம்மை கூட வந்தார்.

"என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே, அம்மா."

"தர்மமா என்றுதானே கேட்டீர்கள்? என் காதோடு காதாக ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் சபையில் கேளுங்கள்."

அன்று பிற்பகல் பக்கம் பக்கமாக வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். மேல்மாடத்தில் கடன் கொடுத்த நாடுகளின் தூதுக்குழு காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்பது பக்கங்கள் சிக்கலில்லாமல் தாண்டின. பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மருதவாணர் தண்ணீர் குடித்தார்.

"பக்கம் நாற்பத்தொன்று. கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் பால்மாவை நிறுத்துகிறோம். அடுத்த ஆண்டுத் தவணையை அந்தப் பணத்தில் இந்த ஆண்டே கட்டுகிறோம்."

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பிரதமர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"வாசிக்கிறேன்."

"அச்சில் உள்ளபடி வாசியுங்கள்," என்றார் சபாநாயகர்.

"அச்சில் இருப்பதும் இதேதான், ஐயா. எழுதியவன் நான். எனக்குத் தெரியாதா?"

ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். மருதவாணர் மேசையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தாறு வயதுத் தொண்டையால், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னார். பிறகு கேட்டார்:

"இது தர்மம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்."

பிரதமரின் கை முதலில் உயர்ந்தது. அவருக்குப் பின்னால் சில கைகள். ஒருவர் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். முன்னூறு பேர் இருந்த சபையில் பத்தொன்பது கைகள்தான் தேறின. அந்த ஒரு பக்கம் மட்டும் தோற்றது. மற்றதெல்லாம் நிறைவேறியது.

சபை கலையுமுன்பே மருதவாணரின் பதவியைப் பறித்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்கு வந்தார். அம்மை பெரிய சட்டியில் பால் புட்டிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"பதவி போய்விட்டது, அம்மா."

"கேள்விப்பட்டேன். சாப்பிட்டீர்களா?"

"இன்னும் இல்லை." மருதவாணர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பால்மாவு நிற்காது. ஆனால் கடன் கொடுத்தவர்கள் அடுத்த உதவியைத் தள்ளிப்போடலாம். மறுபடி கப்பல்கள் நின்றுவிட்டால், முதலில் பட்டினி கிடக்கப்போவது இதே பெண்கள்தான். நான் செய்தது சரியா, தப்பா? எனக்குத் தெரியவில்லை."

"எனக்கும் தெரியாது," என்றார் அம்மை.

மருதவாணர் அவரை நிமிர்ந்து பார்த்தார். குருவிடமிருந்து அப்படி ஒரு பதிலை அவர் இதுவரை கேட்டதில்லை.

"தூதுக்குழுத் தலைவர் ஏதும் சொன்னாரா?"

"படிக்கட்டில் வழிமறித்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. 'இரண்டு வருடமாக உங்கள் நாட்டைத் தூக்கி நிறுத்தப் பாடுபடுகிறோம். அதற்கு இதுதான் கைம்மாறா?' என்று கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. நாளை அவர் தன் ஊருக்குத் திரும்புமுன் என்னை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்."

அம்மை ஒரு புட்டியை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருப்தியாகவில்லை போலும்; மறுபடி சட்டியில் போட்டார்.

"போய்ப் பாருங்கள். நின்றுவிட்டோம், ரொம்ப நன்றி என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் நடப்பது என்பதையும் அவரையா கேட்க வேண்டும்?"