பன்னிரண்டாவது ஊசி

“மயிலாத்தாவை வெளிய அனுப்புங்க மாஸ்டர். இல்லாட்டி நான் போறேன்” என்றார் பங்கஜவல்லி.

பங்கஜவல்லி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மாஸ்டர் சலேத்மேரிக்கு அவர் வயதில் பாதிதான். ஆனால் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் தைத்தவள். அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு வெட்டுத்துணியில் பஞ்சு வைத்து ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்கும் அந்தப் பெண்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். ஊசியை எண்ணிக் கொடுப்பாள், எண்ணி வாங்குவாள்.

“என்ன பண்ணுனாங்க?”

“நான் தைச்ச வரிசையைப் பிரிச்சுட்டுத் திரும்பத் தைச்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ரெண்டு நாளா வயிறு எரியுது எனக்கு.”

மாஸ்டர் ஊசி டப்பாவைத் திறந்தாள். காலையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது பன்னிரண்டு. திரும்பி வந்தது பதினொன்று; பங்கஜவல்லியுடையதுதான் பாக்கி.

“உங்க ஊசி எங்கங்கம்மா?”

“கீழ எங்கியாச்சும் விழுந்திருக்கும். நான் என்ன பேசறேன், நீங்க என்ன கேக்கறீங்க?”

பங்கஜவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பெரிய மனுஷி வயிறெரிந்து சொல்கிறாள், இவளுக்கு ஊசிதான் பெரிதாகப் போய்விட்டது.

பங்கஜவல்லி அன்று தைத்து முடித்த போர்வையை மாஸ்டர் தரையில் விரித்தாள். குப்புறப் படுத்து, கன்னத்தை அதில் அழுத்தித் தேய்த்தாள். ஒரு கட்டம். அடுத்த கட்டம்.

“என்ன கண்ணு பண்ற? மூஞ்சில குத்தீரும், எந்திரி” என்று பதறினார் பங்கஜவல்லி.

மாஸ்டர் மூன்றாவது வரிசைக்கு நகர்ந்தாள். நின்றாள்.

எழுந்தபோது கன்னத்தில் ஒரு பொட்டு ரத்தம். பஞ்சுக்குள்ளிருந்து ஊசியை நெம்பி எடுத்து டப்பாவில் போட்டாள்.

“பன்னண்டு. சரியாப் போச்சு. இனிச் சொல்லுங்க, மயிலாத்தாக்கா என்ன பண்ணுனாங்க?”

வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. நேற்றுத் தைத்த போர்வை மூட்டை அதில் ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

பங்கஜவல்லி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

“நிறுத்துப்பா. மூட்டையை இறக்கு.”

“நேத்து எண்ணிக்கை சரியாத்தானுங்களே இருந்துச்சு?” என்றாள் பின்னாலேயே வந்த மாஸ்டர்.

பங்கஜவல்லி மூட்டையை அவிழ்த்தார். தன் போர்வையைத் தேடி எடுத்துத் தெருவிலேயே விரித்தார்.

“நேத்து என் ஊசி ஒண்ணு குறைஞ்சுது. மயிலாத்தா முன்னால சொல்ல வாய் வரலை. என் கைப்பையில இருந்த ஊசியைப் போட்டுச் சரிக்கட்டிட்டேன்.”

மண்டியிட்டு, கன்னத்தைப் போர்வையில் வைத்தார்.